கடனை மாற்றிய அட்டையில் பரிசுப் புள்ளியும் சேர்க்கலாமா? ஜொகூர் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஜொகூர் பாரு, ஜாலான் உங்கு புவானில் உள்ள லிட்டில் இந்தியா கடைகளில் துணிமணி, பலகாரச் சாமான், விளக்கு என்று கூட்டம் அலைமோதும். அதே நாட்களில் மிட்வேலி சவுத்கீ, தெப்ராவ் சிட்டி, ஸ்கூடாய் பாராடைம் பேரங்காடிகளிலும் கார் நிறுத்த இடம் கிடைக்காது. ரொக்கத்தை எண்ணிக் கொடுப்பவர்களுக்கு நடுவே கடன் பற்று அட்டையைத் தட்டிவிட்டுப் போகிறவர்களும் நிறைய பேர்.

பண்டிகை முடிந்த மறுமாதம் பில் வருகிறது. முழுத் தொகையையும் கட்ட முடியாத வீடுகளில் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டப்படுகிறது. இப்படியே நான்கைந்து மாதம் ஓடுகிறது. அப்போது வேறொரு வங்கியிலிருந்து தொலைபேசி வருகிறது: "உங்கள் கடனை எங்கள் அட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 12 மாதத்துக்கு வட்டி இல்லை. புதிய அட்டையில் பெட்ரோல், மளிகை வாங்கினால் கேஷ்பேக்கும் உண்டு."

ஒரு பக்கம் வட்டி மிச்சம், மறுபக்கம் பரிசு. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே அட்டையில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலோர் முதல் பில் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், இரண்டு சலுகைகளையும் அனுபவிக்க முடியும். ஆனால் ஒரே அட்டையில் அனுபவிக்க நினைப்பது பெரும்பாலும் நஷ்டத்தில்தான் முடியும். ஏன் என்பதைக் கணக்கோடு பார்க்கலாம்.

நிலுவை மாற்றம் என்பது என்ன?

'பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்' எனப்படும் நிலுவை மாற்றத்தில், 'அ' வங்கியின் அட்டையில் இருக்கும் கடனை 'ஆ' வங்கி கட்டிவிடுகிறது. அதன் பிறகு அந்தத் தொகையை அட்டைதாரர் 'ஆ' வங்கிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு வட்டி குறைவாக இருக்கும், அல்லது வட்டிக்குப் பதிலாகத் தொடக்கத்திலேயே ஒரு கட்டணம் பிடிக்கப்படும். ஒரே வங்கியின் ஓர் அட்டையிலிருந்து அதே வங்கியின் இன்னோர் அட்டைக்கு மாற்ற முடியாது. வேறு வங்கியின் கடனைத்தான் மாற்ற முடியும்.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் மாற்றிய தொகை மாதத் தவணைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மாதமும் அந்தத் தவணை மட்டும் பில்லில் ஏறும். இரண்டாவது வகையில் மொத்தத் தொகையும் நிலுவையாகவே நிற்கும். அட்டைதாரர் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டே வரலாம். ஆனால் சலுகைக் காலம் முடியும் நாளில் மிச்சம் இருப்பதற்கு வழக்கமான வட்டி ஏறத் தொடங்கிவிடும். இரண்டாவது வகையில் மாதச் சுமை குறைவாகத் தெரியும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துப் பார்த்தால் கடன் ஏறக்குறைய அப்படியே இருப்பதும் இந்த வகையில்தான்.

18 விழுக்காட்டின் எடை

மலேசியாவில் கடன் பற்று அட்டைக்கான வட்டி, அட்டைதாரரின் கட்டும் பழக்கத்தைப் பொறுத்து மூன்று படிகளாக உள்ளது. கடந்த 12 மாதங்களிலும் குறைந்தபட்சத் தொகையைத் தேதி தவறாமல் கட்டியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு வரை. 12 மாதங்களில் 10 மாதங்களாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு 17 விழுக்காடு வரை. மற்றவர்களுக்கு 18 விழுக்காடு வரை. குறைந்தபட்சத் தொகை பொதுவாக நிலுவையில் 5 விழுக்காடு. தேதி தவறினால் நிலுவையில் 1 விழுக்காடு தாமதக் கட்டணம் உண்டு. அது 10 வெள்ளிக்குக் குறையாது, 100 வெள்ளியைத் தாண்டாது.

பாசிர் கூடாங்கில் வேலை, மாசாயில் வீடு, மாதம் 4,500 வெள்ளி சம்பளம் என்று ஒருவரை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். அவருடைய அட்டையில் 8,000 வெள்ளி கடன் நிற்கிறது. இரண்டு மூன்று முறை தேதி தவறியதால் வட்டி 18 விழுக்காடு.

மாதத்துக்கு 1.5 விழுக்காடு என்றால் முதல் மாத வட்டி மட்டும் 120 வெள்ளி. அவர் 5 விழுக்காடாகக் கிட்டத்தட்ட 400 வெள்ளி கட்டுகிறார். அதில் 120 வெள்ளி வட்டிக்குப் போய்விட, அசலில் 280 வெள்ளிதான் குறைகிறது. புதிதாக ஒரு காசு கூடச் செலவு செய்யாமல் ஓர் ஆண்டு முழுக்க இப்படியே கட்டினால், கையிலிருந்து போனது ஏறக்குறைய 4,000 வெள்ளி. அதில் வட்டி மட்டும் சுமார் 1,190 வெள்ளி. ஆண்டு முடிவில் இன்னும் 5,170 வெள்ளி அளவுக்குக் கடன் பாக்கி இருக்கும்.

அதே 8,000 வெள்ளியை 18 விழுக்காட்டில் 12 சம தவணையாகக் கட்டி முடிப்பதென்றால் மாதம் 733 வெள்ளி. மொத்த வட்டி சுமார் 800 வெள்ளி. ஒழுங்காகக் கட்டி 15 விழுக்காட்டில் இருப்பவருக்குக் கூட அது சுமார் 665 வெள்ளி.

இப்போது நிலுவை மாற்றத்துக்கு வருவோம். 12 மாதத் தவணை, வட்டி இல்லை, தொடக்கக் கட்டணம் 3 விழுக்காடு என்று ஒரு சலுகை கிடைத்தால், கட்டணம் 240 வெள்ளி. மாதத் தவணை சுமார் 687 வெள்ளி. 18 விழுக்காட்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 560 வெள்ளி மிச்சம். இது உண்மையான லாபம். ஒரு குடும்பத்தின் ஒரு மாத மளிகைச் செலவுக்கு அருகில் வரும் தொகை. நிலுவை மாற்றத்தின் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. பரிசுப் புள்ளிகளில் அல்ல.

'வெறும் 3 விழுக்காடு' எவ்வளவு?

கட்டணத்தைப் பார்க்கும்போது கால அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் கட்டணமோ முதல் நாள் இருந்த முழுத் தொகைக்கும் பிடிக்கப்படுகிறது. அதனால் 12 மாதத் தவணைக்கு 3 விழுக்காடு கட்டணம் என்பது, ஆண்டு வட்டிக் கணக்கில் ஏறக்குறைய 5.5 விழுக்காட்டுக்குச் சமம். அதே 3 விழுக்காட்டை 6 மாதத் தவணைக்குப் பிடித்தால் அது 10 விழுக்காட்டைத் தாண்டிவிடும். இரண்டுமே 18 விழுக்காட்டை விடக் குறைவுதான் என்றாலும், 'ஜீரோ' என்ற சொல்லுக்கு இவை அருகில் கூட இல்லை.

இரண்டு வங்கிகளின் சலுகையை ஒப்பிடும்போது விழுக்காட்டை விட ஒரே ஒரு கேள்வி உதவும்: "இன்றிலிருந்து கடைசித் தவணை வரை மொத்தம் எத்தனை வெள்ளி கட்ட வேண்டும்?" அந்த எண்ணிலிருந்து கடன் தொகையைக் கழித்தால் வருவதுதான் விலை.

மாற்றிய கடனுக்குப் புள்ளி இல்லை

"8,000 வெள்ளி மாற்றினால் 8,000 புள்ளி கிடைக்குமா?" என்று எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பொதுவாகக் கிடைக்காது. பரிசுப் புள்ளியும் கேஷ்பேக்கும் கடைகளில் பொருளோ சேவையோ வாங்கும் செலவுக்குத்தான் தரப்படுகின்றன. நிலுவை மாற்றம், ரொக்க முன்பணம், ஆண்டுக் கட்டணம், வட்டி, தாமதக் கட்டணம் ஆகியவை அந்தக் கணக்கில் சேர்வதில்லை. பல அட்டைகளில் அரசாங்கக் கட்டணங்கள், இ-வாலட் நிரப்புதல், காப்புறுதிச் சந்தா, மின்சார, தண்ணீர் பில் ஆகியவற்றுக்கும் புள்ளி குறைவு, அல்லது அறவே இல்லை.

சில வங்கிகள் நிலுவை மாற்றத்துக்கு விண்ணப்பித்தால் பயணப் பெட்டி, பற்றுச்சீட்டு என்று ஒரு முறை பரிசு தருவதுண்டு. அவற்றுக்குக் குறைந்தபட்சத் தொகை, குறிப்பிட்ட தேதிக்குள் இத்தனை முறை அட்டையைப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கும். பரிசுக்காகத் தேவைக்கு மேல் மாற்றுவதும், நீண்ட காலத் தவணை எடுப்பதும் ஊசிக்குக் கணக்குப் பார்த்து உலக்கையைக் கோட்டை விடுவதாகும்.

வட்டியில்லா 20 நாள் எங்கே போனது?

இந்த விஷயத்தில் பலரும் கவனிக்காத இடம் இதுதான்.

பில்லை முழுமையாகக் கட்டுபவருக்கு, வாங்கிய பொருளின் விலைக்குக் குறைந்தது 20 நாள் வட்டியில்லாக் காலம் உண்டு. அதனால்தான் அட்டையைப் பயன்படுத்தி, தேதிக்குள் கட்டி, புள்ளியும் சேர்ப்பவருக்கு அட்டை இலவசமாகத் தெரிகிறது. ஆனால் பில்லில் ஒரு பகுதியை மட்டும் கட்டினால் அந்தச் சலுகை போய்விடும். வட்டி, கட்ட வேண்டிய கடைசித் தேதியிலிருந்து அல்ல, பொருள் வாங்கியது கணக்கில் ஏறிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கும்.

நிலுவை மாற்றிய அட்டையில் என்ன நடக்கிறது? அந்த அட்டையில் ஏற்கெனவே 8,000 வெள்ளி நிற்கிறது. பல வங்கிகளின் நிபந்தனைப்படி, மாற்றிய கடனும் நிலுவையின் ஒரு பகுதிதான். அதை முழுவதுமாகக் கட்டி முடிக்கும் வரை, 'பில் முழுமையாகக் கட்டப்பட்டது' என்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. ஆகவே அதே அட்டையில் வாங்கும் புதிய பெட்ரோலுக்கும் அரிசி மூட்டைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. சில வங்கிகளில் மாதத் தவணை வகைக்கு மட்டும், பில்லில் காட்டிய தவணையையும் புதிய செலவையும் சேர்த்துக் கட்டினால் போதும், வட்டியில்லாக் காலம் தொடரும். எந்த வங்கி எந்த வகை என்பதை விளம்பரத்தில் காண முடியாது. நிபந்தனைத் தாளில்தான் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: அக்டோபர் 3ஆம் தேதி 1,000 வெள்ளிக்குத் தீபாவளித் துணி வாங்கப்படுகிறது. பில் அக்டோபர் 25ஆம் தேதி வருகிறது. கட்ட வேண்டிய கடைசித் தேதி நவம்பர் 15. பழைய கடன் இல்லாத அட்டை என்றால், நவம்பர் 15க்குள் 1,000 வெள்ளி கட்டினால் வட்டி இல்லை. நிலுவை மாற்றத்தால் சலுகை இழந்த அட்டை என்றால், 43 நாளுக்கான வட்டி சுமார் 21 வெள்ளி. அந்த 1,000 வெள்ளிக்குக் கிடைத்த புள்ளியின் மதிப்போ பல சாதாரண அட்டைகளில் ஐந்து வெள்ளியை ஒட்டித்தான் இருக்கும்.

பரிசு எத்தனை நாள் வட்டிக்குச் சமம்?

18 விழுக்காட்டு வட்டியில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.05 விழுக்காடு ஏறுகிறது. இதை வைத்துக்கொண்டால் எந்தப் பரிசையும் எடை போட்டுவிடலாம்.

0.5 விழுக்காடு மதிப்புள்ள புள்ளி: 10 நாள் வட்டியில் கரைந்துவிடும்.

1 விழுக்காடு கேஷ்பேக்: 20 நாளில் கரைந்துவிடும்.

5 விழுக்காடு கேஷ்பேக்: ஏறக்குறைய 100 நாளில், அதாவது மூன்று மாதமும் சில நாட்களும் கழிந்ததும் கரைந்துவிடும்.

5 விழுக்காடு என்பது பெரிதாகத் தெரியலாம். ஆனால் அத்தகைய அட்டைகளில் மாத உச்சவரம்பு உண்டு. மாதத்துக்கு 30 வெள்ளி என்று வரம்பு இருந்தால், 600 வெள்ளிச் செலவோடு அந்தப் பரிசு நின்றுவிடும். அதற்கு மேல் செய்யும் செலவுக்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. சில அட்டைகளில் மாதம் இத்தனை வெள்ளிக்கு மேல் செலவு செய்தால்தான் 5 விழுக்காடு என்ற நிபந்தனையும் இருக்கும். அந்த அளவை எட்டுவதற்காகத் தேவையில்லாத 200 வெள்ளிச் செலவு செய்து 10 வெள்ளி பரிசு வாங்கினால், கையை விட்டுப் போனது 190 வெள்ளி.

இன்னொன்றும் உண்டு. தேதி தவறிய கணக்குகளுக்குப் புள்ளியை நிறுத்திவைக்கும் உரிமையைப் பல வங்கிகள் நிபந்தனையில் எழுதி வைத்துள்ளன. சேர்த்த புள்ளிக்குக் காலாவதித் தேதியும் இருக்கலாம். வட்டிக்கோ காலாவதியே இல்லை.

இரண்டு அட்டை வழி

கடனையும் பரிசையும் பிரித்து வைப்பதுதான் இதற்குப் பாதுகாப்பான வழி.

ஓர் அட்டை கடனுக்கு மட்டும். பழைய கடனை அதற்கு மாற்றி, மாதத் தவணையை வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கட்டும்படி ஏற்பாடு செய்துவிட்டு, அட்டையை அலமாரியில் வைத்துவிட வேண்டும். கைப்பேசியில், இணையக் கடைகளில் அந்த அட்டை எண் பதிவாகி இருந்தால் நீக்கிவிட வேண்டும். கடைசித் தவணை வரை அதில் ஒரு டீக்குக் கூடப் பணம் கட்டக் கூடாது.

இன்னோர் அட்டை அன்றாடச் செலவுக்கு. பெட்ரோல், மளிகை, மருந்து போன்று எப்படியும் செய்தே ஆக வேண்டிய செலவு மட்டும் அதில். ஒவ்வொரு மாதமும் பில்லை முழுவதுமாகக் கட்ட வேண்டும். அப்போது வட்டியில்லாக் காலம் கிடைக்கும், புள்ளியும் வீணாகாது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் மாசாய்க்காரருக்கு மாதம் 20, 30 வெள்ளி கேஷ்பேக் வந்தால் ஆண்டுக்கு 240 முதல் 360 வெள்ளி. நிலுவை மாற்றக் கட்டணத்தை அது ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். கடனும் குறைந்து, பரிசும் கிடைப்பது இந்த ஒரு வழியில்தான்.

ஆனால் இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. தவணை 687 வெள்ளியும், அன்றாடச் செலவின் முழு பில்லும் ஒரே சம்பளத்திலிருந்து கட்டப்பட வேண்டும். முடியாது என்று தெரிந்தால் இரண்டாவது அட்டையையும் ஒதுக்கிவிட்டு, ரொக்கத்திலோ டெபிட் கார்டிலோ வாங்குவதே மேல். மாதம் 20 வெள்ளி பரிசு போனால் போகட்டும்.

அட்டை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி இருப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். துணை அட்டைக்கும் இதே வரி. 2018 செப்டம்பரிலிருந்து இது நடப்பில் உள்ளது. ஆண்டுக் கட்டணத்தை வங்கி தள்ளுபடி செய்தாலும் இந்த வரி தனி.

காலியான பழைய அட்டைதான் ஆபத்து

நிலுவை மாற்றம் முடிந்த மறுநாள், பழைய அட்டையின் கடன் சுழி. அதன் முழு வரம்பும் மீண்டும் திறந்திருக்கிறது. கடன் தீர்ந்துவிட்டது போன்ற ஒரு நிம்மதி. உண்மையில் கடன் வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த நிலையில் பழைய அட்டையை மீண்டும் தட்டத் தொடங்கினால், ஓர் ஆண்டில் இரண்டு கடன்கள் நிற்கும். 8,000 வெள்ளியில் தொடங்கியவர் 12,000 வெள்ளியில் நிற்பது இப்படித்தான். மாற்றம் உறுதியானதும் பழைய அட்டையை மூடிவிடுவது, அல்லது வரம்பைக் குறைக்கச் சொல்லி வங்கிக்குக் கடிதம் கொடுப்பது நல்லது. மூடும் முன், அதில் மீதமுள்ள பரிசுப் புள்ளிகளைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அட்டையை மூடினால் புள்ளிகளும் போய்விடும். அதோடு, புதிய வங்கி பணம் செலுத்தும் வரை பழைய அட்டையின் தவணையை நிறுத்தக் கூடாது. இடைப்பட்ட நாட்களில் தேதி தவறினால் தாமதக் கட்டணம் அட்டைதாரரின் தலையில்தான்.

சம்பளம் 3,000 வெள்ளிக்குள் இருந்தால்

2011 மார்ச் மாதம் பேங்க் நெகாரா அறிவித்த விதிகளின்படி, கடன் பற்று அட்டை பெறக் குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 24,000 வெள்ளி. ஆண்டு வருமானம் 36,000 வெள்ளி அல்லது அதற்குக் குறைவாக இருப்பவர்கள் அதிகபட்சம் இரண்டு வங்கிகளின் அட்டைகளைத்தான் வைத்திருக்கலாம். ஒவ்வொரு வங்கியிலும் கடன் வரம்பு மாதச் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது.

அதாவது மாதம் 3,000 வெள்ளி வாங்குபவருக்கு ஒரு வங்கியில் 6,000 வெள்ளிதான் உச்சம். ஓர் அட்டையில் 5,500 வெள்ளி கடன் இருந்தால், மற்றோர் அட்டைக்கு அதை முழுவதுமாக மாற்ற முடியாமல் போகலாம். பல வங்கிகள் வரம்பில் ஒரு பகுதியை மட்டுமே நிலுவை மாற்றத்துக்கு அனுமதிக்கின்றன. 80 விழுக்காடு என்றால் 4,800 வெள்ளி. மிச்சம் 700 வெள்ளி பழைய அட்டையிலேயே வட்டியோடு நிற்கும். இரண்டு அட்டையிலும் கடன் நிற்கும் இந்த நிலையில், பரிசுக்கென்று தனியாக ஓர் அட்டை கிடையாது. இவர்கள் முதலில் அந்த 700 வெள்ளியை அடைத்துவிட்டு, அதுவரை அன்றாடச் செலவை ரொக்கத்தில் வைத்துக்கொள்வதே சரியான வரிசை.

கடற்பாலம் தாண்டுகிறவர்களுக்கு

ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய் வட்டாரங்களிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இன்னும் சில கணக்குகள் உண்டு.

முதலாவது, மலேசிய வங்கிகளின் நிலுவை மாற்றம் மலேசியாவில் வழங்கப்பட்ட அட்டைகளின் கடனுக்குத்தான். சிங்கப்பூர் வங்கி கொடுத்த அட்டையில் நிற்கும் டாலர் கடனை இங்கே மாற்ற முடியாது. அங்கே அட்டை வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். இரண்டு நாட்டிலும் கடன் இருந்தால், கையில் கிடைக்கும் கூடுதல் பணம் முதலில் அங்குள்ள கடனுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, மலேசிய அட்டையைச் சிங்கப்பூரில் தட்டினால் நாணய மாற்றுக் கட்டணமாகப் பொதுவாக 1 விழுக்காடும், அதற்கு மேல் வங்கியின் கட்டணமும் சேரும். இரண்டும் சேர்ந்து 2 விழுக்காட்டை ஒட்டி வரும்போது, ஒரு விழுக்காட்டுப் பரிசுக்காக மலேசிய அட்டையை அங்கே நீட்டுவதில் பொருள் இல்லை. கடைக்காரர் "ரிங்கிட்டிலா, டாலரிலா?" என்று கேட்டால் டாலர் என்றே சொல்ல வேண்டும். ரிங்கிட் என்று சொன்னால் மாற்று விகிதத்தைக் கடைப் பக்கம் தீர்மானிக்கும், அது பெரும்பாலும் மோசமாகவே இருக்கும்.

மூன்றாவது, டாலர் சம்பளத்தை நம்பி நீண்ட தவணை எடுப்பவர்கள், வேலை போனால் வெள்ளிச் சம்பளத்தில் அந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்று ஒரு முறை யோசித்துப் பார்ப்பது நல்லது.

சம்மதம் சொல்லும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

தொலைபேசியில் பேசும் விற்பனைப் பிரதிநிதியிடம் "சரி" என்று சொல்லும் முன், இந்த ஏழு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

1. தொடக்கக் கட்டணம் உட்பட மொத்தம் எத்தனை வெள்ளி கட்ட வேண்டும்?

2. இது மாதத் தவணை வகையா, நிலுவையாகவே நிற்கும் வகையா? சலுகைக் காலம் முடிந்ததும் வட்டி எவ்வளவு?

3. இதே அட்டையில் புதிதாகப் பொருள் வாங்கினால் 20 நாள் வட்டியில்லாக் காலம் உண்டா?

4. கட்டும் பணம் எந்த வரிசையில் கழிக்கப்படும்? பொதுவாக அதிக வட்டி உள்ள நிலுவைக்கே முதலில் போகும். அது நியாயமான வரிசைதான். ஆனால் புதுச் செலவு கூடினால் மாற்றிய கடன் குறையாமலே நிற்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

5. ஒரு தவணை தவறினால் சலுகை வட்டி ரத்தாகுமா? பல ஒப்பந்தங்களில் ரத்தாகும். 8,000 வெள்ளி நிலுவைக்குத் தாமதக் கட்டணம் மட்டும் 80 வெள்ளி வரை வரும்.

6. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் உண்டா? கட்டணத்தில் ஏதேனும் திரும்பக் கிடைக்குமா?

7. கேஷ்பேக்குக்கு மாத உச்சவரம்பு எவ்வளவு? எந்தச் செலவுகள் சேராது?

ஒவ்வொரு விண்ணப்பமும் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் கடன் பதிவில் தெரியும் என்பதும் முக்கியம். கடந்த 12 மாதக் கட்டணப் பழக்கமும் அதில் இருக்கும். வீட்டுக் கடனுக்கோ கார் கடனுக்கோ விண்ணப்பிக்க இருப்பவர்கள், ஒரே மாதத்தில் நான்கு வங்கிகளில் நிலுவை மாற்றத்துக்கு மனுச் செய்தால் அது நல்ல பெயரைத் தராது. சிசிரிஸ் அறிக்கையை இணையம் வழி இலவசமாகவே பார்க்கலாம்.

கடனை மாற்றித் தருவதாகச் சொல்லி முன்பணமோ, அட்டையின் பின்பக்கத்து மூன்று எண்களோ, கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணோ கேட்டால் அது மோசடி. உண்மையான நிலுவை மாற்றத்துக்கு இவை எதுவும் தொலைபேசியில் தேவையில்லை. பணம் போய்விட்டால் உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

மாற்றியும் கட்ட முடியவில்லை என்றால்

ஓர் அட்டையிலிருந்து இன்னோர் அட்டைக்கு, அதிலிருந்து மூன்றாவது அட்டைக்கு என்று கடனை உருட்டிக்கொண்டே போவது தீர்வல்ல. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 3 விழுக்காடு கட்டணம் கூடும். இரண்டாவது முறை மாற்ற வேண்டிய நிலை வந்தாலே, சிக்கல் வட்டி விகிதத்தில் இல்லை, வரவு செலவில் இருக்கிறது என்று பொருள்.

அந்த நிலையில் போக வேண்டிய இடம் ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனம். பேங்க் நெகாராவால் 2006ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. ஜொகூர் பாருவிலும் அதற்குக் கிளை உண்டு. ஆலோசனைக்கும் கடன் நிர்வாகத் திட்டத்துக்கும் கட்டணம் இல்லை. வங்கிகளோடு பேசி, வருமானத்துக்கு ஏற்ற ஒரே மாதத் தொகையாகக் கடனை அமைத்துத் தருவார்கள். அந்தத் திட்டத்தில் சேர்ந்தால் அட்டைகளைப் பயன்படுத்த முடியாது. பரிசுப் புள்ளியும் கிடையாது. கடனில் தவிக்கும் குடும்பத்துக்கு அது ஓர் இழப்பே அல்ல.

வங்கி தவறான கட்டணம் பிடித்திருந்தால், முதலில் அந்த வங்கியிடமே எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால், 2025 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையை நாடலாம். பயனீட்டாளருக்கு அதுவும் இலவசம்.

பலர் இந்த உதவிகளைத் தேடிப் போவது, வட்டி அசலை நெருங்கிய பிறகுதான். வெளியே தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்ற தயக்கம் ஒரு காரணம். வீட்டில் கணவனுக்குத் தெரியாமல் மனைவியும், மனைவிக்குத் தெரியாமல் கணவனும் ஆளுக்கோர் அட்டையில் கடன் வைத்திருப்பது இன்னொரு காரணம். எந்தச் சலுகையை ஏற்கும் முன்னும் வீட்டில் உள்ள எல்லா அட்டைகளின் பில்லையும் ஒரே மேசையில் பரப்பி, இருவரும் உட்கார்ந்து மொத்தத் தொகையை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். எந்தக் கடனை மாற்றுவது, எந்த அட்டையை மூடுவது, எதில் மட்டும் செலவு செய்வது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

புள்ளி சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் கடன் இருக்கும் வரை, கடனைக் குறைக்கும் ஒவ்வொரு வெள்ளியும் ஆண்டுக்கு 15 முதல் 18 காசு வரை மிச்சப்படுத்துகிறது. அந்த அளவுக்குப் பரிசு தரும் அட்டை எந்த வங்கியிலும் இல்லை.